தகர வில்லையும் கியூஆர் குறியும்

(அமிர்தகழியில் நடந்த அங்கத்தவர் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து கண் சிவக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலில் நன்றி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் மூழ்க வருகிறவர்களை அமிர்தகழிக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு வாவிக்கரையில் என்ன வேலை என்று காலையில் சந்தியில் ஒரு கடைக்கார ஐயா எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1977இலும் 1983இலும் வீடு வாசலை இழந்து மலையை விட்டு இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் கிழக்கில்தான் குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று இந்தக் கரையோரத் தென்னந்தோட்டங்களில் தேங்காய் உரிக்கிறார்கள், மரமுந்திரிக் கொட்டை உடைக்கிறார்கள், இறாலும் நண்டும் துப்புரவு செய்கிறார்கள். தலவாக்கலையில் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கும் பாலமீன்மடுவில் வலை இழுக்கும் அண்ணனுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. இருவரின் உழைப்பும் கப்பலேறி, நாம் பார்க்கவே போகாத ஒரு கடையின் தட்டில் போய் உட்காருகிறது.

இன்றைக்குச் சம்பளம் பேச வரவில்லை. சம்பளம் பேசாத சங்கக் கூட்டமா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். போகிற போக்கில் அங்கேயும் வந்து சேருவோம்.

லண்டனிலோ பெர்லினிலோ ஒருவர் தேயிலைப் பெட்டியை எடுத்து, அதில் இருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறிக்கு நேரே தொலைபேசியைப் பிடிக்கிறார். எந்த நாடு, எந்தத் தோட்டம், எந்தத் தொழிற்சாலை, எந்த மாதத்தில் அரைத்தது என்று திரையில் வருகிறது. அந்தக் குறிதான் கியூஆர். பொருள் வந்த வழியைப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதைத் தடமறிதல் என்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்குப் புத்தகம் சில இடங்களில் பிளொக்செயின் என்ற முறையில் எழுதப்படுகிறது.

ஏன் இதைக் கேட்கிறார்கள்? வெறும் நாகரிகத்துக்காக அல்ல. இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்: சட்டவிரோத மீன்பிடியை இலங்கை சரியாகக் கண்காணிக்கவில்லை என்று சொல்லி 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனை வாங்குவதை நிறுத்தியது. தடை 2016இல்தான் நீங்கியது. இடையில் பலநாட் படகுகளில் செய்மதிக் கருவிகள் ஏறின. மீன் எங்கே பிடிபட்டது என்று காட்ட முடியாவிட்டால் சந்தை மூடும் என்பதை அப்போது கண்டோம். றப்பருக்கும் இப்போது அதே கதை. காடழித்த நிலத்தில் விளைந்த பொருள் வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. மாடு, கொக்கோ, கோப்பி, பாம் எண்ணெய், றப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருள்கள் அதில் இருக்கின்றன. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலமாக இருக்கக்கூடாது. அதைக் காட்ட, பொருள் விளைந்த காணியின் இடத்தை அகலக்கோடு, நெடுங்கோட்டில் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் வரை கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறாவது இலக்கம் என்றால் நிலத்தில் சுமார் 11 சென்ரிமீற்றர், அரைச் சாண். சட்டத்தின் தொடக்கத் தேதி இரண்டு தடவை தள்ளிப் போடப்பட்டது; ஆனால் கம்பனிகள் ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டன. தேயிலையும் தேங்காயும் அந்த ஏழில் இல்லை. இருந்தாலும் வாங்குபவர்கள் எல்லாப் பொருளுக்கும் இதே பழக்கத்தைக் கேட்கத் தொடங்குகிறார்கள்.

பிளொக்செயின் என்றால் என்ன? படித்தவர்கள் பேசினால் தலை சுற்றும். நமக்குத் தெரிந்த செக்ரோலை வைத்துப் பார்ப்போம். செக்ரோல் ஒரு புத்தகம். அது ஒரே இடத்தில், ஆபிசில் இருக்கிறது. முழுப் பேரை அரைப் பேராக்கினாலும், பதினெட்டுக் கிலோவைப் பதினாறாக்கினாலும் நமக்குச் சம்பள நாளில்தான் தெரியும். இப்போது அந்தப் புத்தகத்துக்குப் பத்துப் பிரதிகள் இருப்பதாக நினையுங்கள். ஒன்று தோட்டத்தில், ஒன்று தொழிற்சாலையில், ஒன்று தரகரிடம், ஒன்று கப்பல் கம்பனியிடம், ஒன்று லண்டன் கடைக்காரரிடம். ஒருவர் எழுதினால் பத்திலும் அது ஏறும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்தைய பக்கத்தின் முத்திரை எண் ஒன்று இருக்கும். முந்தைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த முத்திரை பொருந்தாது. பிறகு வரும் எல்லாப் பக்கமும் பிழைத்துப் போகும். ஆகவே ஒருவர் தனியாக அழித்து எழுத முடியாது. அவ்வளவுதான். பக்கம் பக்கமாகக் கட்டிய சங்கிலி.

இதில் நமக்கு நல்லது இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எழுதிய கிலோவை இரவோடு இரவாக மாற்ற முடியாத செக்ரோல் கிடைத்தால் நம் பாட்டிமார் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள். வெளிநாடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2016இல் இந்தோனேசியாவில் சூரை மீன் பிடிப்பவர்கள் குறுஞ்செய்தி அனுப்பித் தங்கள் பிடியைப் பதிந்தார்கள். இந்தியக் கோப்பி வாரியம் 2019 மார்ச்சில், விவசாயியையும் வாங்குபவரையும் நேராகச் சந்திக்க வைக்கிறோம் என்று ஒரு பிளொக்செயின் சந்தையைத் தொடங்கியது. ஆபிரிக்காவின் மலாவியில் தேயிலைச் சிறு விவசாயிகளை வைத்து, பெரிய பிரித்தானியக் கம்பனிகளும் வங்கிகளும் 2017 டிசம்பரில் ஒரு பரீட்சார்த்தத்தை அறிவித்தன. அதில் நம் காதில் விழ வேண்டிய சொல் ஒன்று இருந்தது: விவசாயி தன் விவரத்தைத் தருகிறான், அதற்கு ஈடாக நன்மை ஒன்று அவனுக்குத் திரும்ப வர வேண்டும். அதாவது விவரத்துக்கு விலை உண்டு என்பதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். நம்மிடம் மட்டும் ஏன் சும்மா வாங்குகிறார்கள்?

இனி நமக்கு நல்லதில்லாத பக்கத்துக்கு வருவோம். அதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும். அந்தக் கதை தெரியாமல் இந்தக் கருவியைப் புரிந்துகொள்ள முடியாது.

1900களின் தொடக்கத்தில் நம் பூட்டன் பூட்டிமாரைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்தபோது கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டினார்கள். ஆங்கிலத்தில் அதைத் 'தகர டிக்கெட்' என்றார்கள். அதில் மாவட்டத்துக்கும் தோட்டத்துக்கும் குறி, ஆளுக்கு ஓர் இலக்கம். எழுத்துத் தெரியாத மனிதனைப் பெயர் கேட்காமலேயே எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும், அவனைக் கொண்டு வந்த செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் போட வேண்டும் என்பதை அந்த வில்லை சொன்னது. தேயிலைப் பெட்டிக்கு இன்று ஒட்டுகிற குறி அன்று மனிதனின் கழுத்தில் தொங்கியது. தடமறிதல் நமக்குப் புதிதில்லை, தோழர்களே. நம்மை வைத்துத்தான் அதைப் பழகினார்கள்.

தோட்டத்துக்கு வந்த பிறகு துண்டு. வயதான அம்மாமாருக்குச் சொல்லக் கேட்ட ஞாபகம் இருக்கும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, இன்னார் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை இல்லை. கடன் தொழிலாளியுடன் கூடவே நடந்தது. கங்காணியின் கடனும் அதோடு சேர்ந்து நடந்தது. 1921இல் சட்டம் துண்டைத் தடை செய்தது. ஒரு சிறிய கடதாசியை ஒழிக்க அத்தனை வருடம் பிடித்தது என்றால், அது எவ்வளவு வேலை செய்திருக்கும் என்று பாருங்கள். ஓர் இடத்தில் எழுதியதை அடுத்த இடத்தில் இருப்பவன் வாசிக்கிறான். எழுதியது சரியா பிழையா என்று நம்மைக் கேட்கிறவர் இல்லை. துண்டின் பலம் முழுவதும் அதில்தான் இருந்தது.

கடதாசித் துண்டு மழையில் நனையும், கறையான் அரிக்கும். அழிக்க முடியாத புத்தகத்தில் எழுதிய துண்டு என்ன ஆகும்?

இது கற்பனைப் பயம் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் அறிந்த ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், ஒருநாள் காலை பெரட்டுக்களத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். கையில் டெப் ஒன்று. வரிசையில் நிற்பவர்களிடம் அடையாள அட்டையை நாடிக்குக் கீழே பிடிக்கச் சொல்லி, முகத்தையும் அட்டையையும் சேர்த்துப் படம் பிடித்தார். பிறகு ஆங்கிலத்தில் இருந்த ஒரு படிவத்தில் கையெழுத்து. ஏன் என்று கேட்டதற்கு, "வெளிநாட்டுக்காரர் கேக்கிறாங்க" என்றார். ஓர் அக்கா, "படம் புடிச்சா சம்பளம் கூடுமா தம்பி?" என்று கேட்டார். தம்பி சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்தத் தம்பியில் குற்றமில்லை, அவரும் கூலிக்கு வந்தவர்தான். ஆனால் அந்தப் படம் எங்கே போனது, யார் பார்க்கிறார், எத்தனை வருடம் இருக்கும் என்று அந்தப் பெரட்டில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. படிவத்தின் பிரதியும் ஒருவர் கையிலும் இல்லை.

"பயப்படாதீங்க, உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை அப்படியே போடமாட்டோம், அதைக் குழப்பி வேறொரு எண்ணாக மாற்றித்தான் போடுவோம்" என்று ஒரு பதில் சொல்வார்கள். அப்படி மாற்றிய எண்ணுக்கு 'ஹேஷ்' என்று பெயர். மாற்றிய எண்ணைப் பார்த்துப் பழைய எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். பெரிய இரகசியங்களுக்கு அது உண்மை. நம் அடையாள அட்டைக்கு உண்மையில்லை. ஏன் என்று பாருங்கள், இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டுவார்கள். 85 712 என்று தொடங்கினால், 1985 ஜூலை 30இல் பிறந்த பெண். பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையிலும் இதே கணக்குத்தான். பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் இலக்கத்துக்குள்ளேயே கிடக்கின்றன. பழைய அட்டையில் அதற்குப் பின் மூன்று இலக்கத் தொடர் எண். கடைசி இலக்கம் முன்னையவற்றிலிருந்து கணித்து வருவது. வேலை செய்யும் வயதுக்காரர் எல்லோருக்கும் வரக்கூடிய பழைய இலக்கங்கள் எல்லாவற்றையும் எழுதினாலும் மூன்று கோடி அளவில்தான் வரும். நமக்கு அது பெரிய எண். கணினிக்கு அது ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஆறும் நேரத்து வேலை. மூன்று கோடியையும் ஒவ்வொன்றாகக் குழப்பிப் பார்த்து, எது பொருந்துகிறது என்று கண்டுபிடித்துவிடும். ஆளுக்கு ஆள் வேறான ஓர் இரகசிய எண்ணைச் சேர்த்துக் குழப்பி, அந்த இரகசியத்தைச் சங்கிலிக்கு வெளியே பூட்டி வைத்தால் இதைத் தடுக்கலாம். அப்படிச் செய்கிறீர்களா என்று கேளுங்கள். கேட்டவுடன் பதில் வராவிட்டால் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கமே வேண்டாம், பெயரும் வேண்டாம், மலை இலக்கமும் தேதியும் மட்டும் போடுகிறோம் என்றாலும் கதை முடியவில்லை. ஐந்தாம் நம்பர் மலையில் செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் கொழுந்து எடுத்தார்கள் என்று நமக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். எட்டுப் பேர் எடுத்த கொழுந்து தரமில்லை என்று சங்கிலியில் ஏறினால் அந்த எட்டுப் பேரைத் தேடப் பெயர் எதற்கு? கூட்டம் சின்னதாகச் சின்னதாகப் பெயரில்லாமலே ஆள் தெரியும். ஆகவே ஒரு மலை, ஒரு நாள் என்று நறுக்கக் கூடாது. முழுத் தோட்டம், ஒரு வாரம் என்று பெரிய கட்டாக எழுதட்டும். தேயிலை குடிப்பவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

இங்கே வாவியில் தொழில் செய்பவர்களுக்கு இதே விஷயம் இன்னொரு உருவத்தில் வரும். இறால் எந்த மூலையில் எந்த மாதம் கூடும், முகத்துவாரம் வெட்டிய பின் நண்டு எந்தப் பக்கம் ஏறும் என்பது அப்பா மகனுக்குச் சொல்லிக் கொடுத்த சொத்து. பக்கத்து வீட்டுக்காரனுக்கே சொல்லாத இடத்தை, அரைச் சாண் திருத்தமாக, பத்துக் கம்பனி பார்க்கும் புத்தகத்தில் ஒரு செயலி எழுதிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் மலையிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியில் பிடித்தது என்று காட்டுவது வாங்குபவருக்குப் போதும். எந்தக் கண்டல் மரத்தடியில் என்பது உங்களுடையது.

பட்டியல்கள் பற்றி இந்த நாட்டில் நமக்கு ஓர் அனுபவம் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளைத் தேடிப் போனவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்குப் போடுவதற்காக எழுதிய பெயர்கள் அவை. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் பெயரும் விலாசமும் ஒரே இடத்தில் வரிசையாக இருந்தன. வேறொரு கைக்குப் போன அன்று அது வேறொரு பட்டியல் ஆகிவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களில் சில, அந்த ஆடிக்குப் பிறகுதான் இந்தக் கரைக்கு வந்தவை. ஆகவே 'சும்மா ஒரு பதிவுதானே' என்று யாராவது சொன்னால் நாம் கொஞ்சம் மெதுவாகத்தான் தலையாட்டுவோம்.

இப்போது ஒரு வேடிக்கையையும் கேளுங்கள். தங்கள் இரகசியம் என்று வந்தால் கம்பனிகள் எவ்வளவு கவனம்! மேர்ஸ்க் என்ற பெரிய கப்பல் கம்பனியும் ஐ.பி.எம். கம்பனியும் சேர்ந்து உலகத்துச் சரக்குக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவாக ட்ரேட்லென்ஸ் என்ற பிளொக்செயின் புத்தகத்தை நடத்தின. போட்டிக் கம்பனிகள் பல, நம் சரக்கு விவரத்தை மேர்ஸ்க் நடத்தும் புத்தகத்தில் ஏன் எழுத வேண்டும் என்று தயங்கின. 2022 நவம்பரில் அதை மூடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். இந்தச் சங்கிலிகளைக் கட்டும் மென்பொருள்களில், இரண்டு கம்பனிக்கு இடையிலான விலையை மூன்றாவது கம்பனி பார்க்காதபடி மறைக்கத் தனி அறைகள் இருக்கின்றன. தொகையைக் காட்டாமலே 'தொகை சரி' என்று மட்டும் நிரூபிக்கும் கணித முறைகளும் இருக்கின்றன. ஒருவர் அடையாள அட்டையைக் காட்டாமலே பதினெட்டு வயதைத் தாண்டியவர் என்று நிரூபிக்கும் மாதிரி. தோட்டத்தில் சிறுவர் வேலை செய்யவில்லை என்று வாங்குபவருக்குக் காட்ட இது போதும். எந்தப் பிள்ளையின் முகமும் பெர்லினுக்குப் போக வேண்டியதில்லை. தேயிலை விலையை மறைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தொழிலாளியின் பெயரை மறைக்கத் தெரியாது என்பதை நாம் நம்பப் போவதில்லை.

மறைப்பது பற்றிப் பேசும்போது ஒன்றைக் குழப்பக் கூடாது. கம்பனியின் எல்லாவற்றையும் மறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. 2018இல் பிரித்தானியாவில் ட்ரெய்ட்கிராப்ற் என்ற அமைப்பு, தேயிலையை எந்தத் தோட்டங்களில் வாங்குகிறீர்கள் என்று பகிரங்கமாகச் சொல்லுங்கள் என பெரிய தேயிலைக் கம்பனிகளிடம் கேட்டு ஓர் இயக்கம் நடத்தியது. அசாம் தொழிலாளருக்காகத் தொடங்கியது அது. ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பனிகள் தோட்டங்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டன. அதனால் லயம் ஒழுகுகிறது, மலசலகூடம் இல்லை என்று ஒரு தோட்டத்துச் சங்கம் சொன்னால், அந்தத் தேயிலையை விற்கும் கடை இன்னது என்று விரல் நீட்ட முடிகிறது. தோட்டத்தின் பெயர், கம்பனியின் பெயர், கொடுத்த விலை எல்லாம் வெளியே வரட்டும். இந்தப் புத்தகத்தில் நாள் சம்பளத்தையும் எழுதுங்கள். வர்த்தமானியில் வந்த சம்பளத்தை உண்மையில் கொடுத்தீர்களா என்று பெட்டியை வாங்குபவர் பார்க்கட்டும். சம்பளம் வந்து சேரும் என்று தொடக்கத்திலேயே சொன்னோம் அல்லவா? இப்போது நடப்பது தலைகீழாக இருக்கிறது. தொழிலாளியின் முகம் பெட்டியில் சிரிக்கிறது, சம்பளம் எங்கேயும் எழுதப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க, பிழையைத் திருத்தச் சொல்ல, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற, அழிக்கச் சொல்ல அது உரிமை தருகிறது. கைரேகை, முகம் போன்ற உடலடையாளங்களை விசேட வகைத் தரவாக எடுத்து, கூடுதல் கவனம் கேட்கிறது. இயந்திரம் மட்டும் எடுத்த முடிவை மனிதர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இடமிருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கியமான பகுதிகள் தள்ளிப் போடப்பட்டன என்பதையும் சொல்லிவிடுகிறோம். சட்டப் புத்தகத்தை மட்டும் நம்பி வீட்டில் படுத்திருக்க முடியாது. இன்னொரு பக்கம், வாங்குபவரின் நாட்டுச் சட்டம் நமக்குக் கைகொடுக்கும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சபை 2025 ஏப்ரலில் பிளொக்செயின் பற்றி வழிகாட்டல் வெளியிட்டது. ஆட்களின் விவரத்தைச் சங்கிலியில் வைப்பது தரவுப் பாதுகாப்புக் கொள்கைகளோடு முட்டினால், வைப்பதையே தவிர்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொது விதி. அழிக்கும் உரிமையும் அழிக்க முடியாத புத்தகமும் ஓர் உறையில் போடும் இரண்டு கத்திகள். ஆகவே அழிக்க வேண்டி வரக்கூடிய எதையும் அந்தப் புத்தகத்தில் எழுதவே கூடாது. பெயர்கள் வழக்கம்போல் தோட்டத்தின் செக்ரோலில் இருக்கட்டும். சங்கிலியில் அந்தச் செக்ரோல் பக்கத்தின் முத்திரை மட்டும் ஏறட்டும். பிறகு யாராவது செக்ரோலைத் திருத்தினால் முத்திரை காட்டிக் கொடுக்கும். நம் கிலோ பாதுகாப்பாக இருக்கும், நம் பெயரும் ஊர் சுற்றாது. இரண்டும் சேர்ந்து முடியும், அதைத்தான் நாம் கேட்கிறோம்.

சம்மதம் பற்றி ஒரு வார்த்தை. பெரட்டுக்களத்தில் துரையும் கணக்கப்பிள்ளையும் நிற்க, வேலைக்குப் போக வரிசையில் நிற்கிறவரிடம் கையெழுத்துக் கேட்பதைச் சம்மதம் என்று நாம் ஏற்கவில்லை. அவர் மாட்டேன் என்றால் அன்றைக்குப் பேர் விழுமா என்ற யோசனையில்தான் கையை நீட்டுகிறார். இந்த விஷயத்தைத் தனியாள் சம்மதத்தில் விடாமல் சங்கத்தோடு பேசி எழுதிக்கொள்ள வேண்டும். என்ன எடுக்கிறார்கள், எதற்கு, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் என்று தமிழில் எழுதி ஒப்பமிட வேண்டும். தடமறியும் பதிவை வைத்து ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதோ, கிலோ அளவைக் கூட்டுவதோ கூடாது என்றும் அதில் இருக்க வேண்டும். 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாவைத் தீர்மானித்த பிறகு கூட்டு ஒப்பந்தத்துக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பெரிய ஒப்பந்தம் வரும் வரை காத்திருக்காமல் தோட்டத்துக்குத் தோட்டம், கொம்பவுண்டுக்குக் கொம்பவுண்டு இதைப் பேச வேண்டியிருக்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. உங்களில் பலர் பழைய மாணவர்கள், தொலைபேசியில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். கடைகளில் நம் தேயிலைப் பெட்டியைக் கண்டால் அந்தச் சதுரக் குறியைப் பிடித்துப் பாருங்கள். என்ன வருகிறது, யாருடைய படம் வருகிறது, அந்த ஆளுக்குத் தெரியுமா என்று எழுதி வையுங்கள். கொழும்பில் வேலை செய்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் மச்சான்மார், அக்காமாரிடமும் சொல்லுங்கள். நாலு பெட்டியின் திரைப்படம் கையில் இருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் நம் குரல் வேறு மாதிரி இருக்கும்.

யாராவது ஏற்கெனவே படம் கொடுத்து, படிவத்தில் கையெழுத்து வைத்திருந்தால் பயப்பட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். எந்தத் தேதி, எந்த இடம், வந்தவர் எந்தக் கம்பனி என்று சொன்னார் என்பதை உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். பிரதி கேட்டுக் கடிதம் எழுதுவது சங்கத்தின் வேலை. அடுத்த தடவை டெப்போடு யாராவது வந்தால், "படிவத்தைத் தமிழில் தாங்க, ஒரு பிரதி எங்களுக்கும் வேணும், கிளைத் தலைவர் வந்ததும் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். சொல்லிவிட்டு வரிசையில் பின்னால் இருப்பவருக்கும் அதையே சொல்லச் சொல்லுங்கள்.

சாப்பாடு ஆயத்தமாம். மலைக்குப் போகும் பஸ் மூன்று மணிக்கு. கேள்விகள் இருந்தால் இலை போடுவதற்கு முன் கேளுங்கள்; தென்னந்தோட்டத்துப் பெண்கள் பின்வரிசையில் கையை உயர்த்தி நேரமாகிறது, அவர்களிடமிருந்து தொடங்குவோம்.